முப்பத்திரண்டு கட்டம்

"ஏம்மா, வழிஞ்சா துடைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்குப் போய் எட்டுப் பக்கத்துக்கு ரிப்போர்ட்டா?"

பொது மேலாளர் அந்த எட்டுப் பக்கத்தையும் விசிறியாக்கி வீசிக்கொண்டார். எதிரே நின்ற புரோகிராமருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ள முடியவில்லை. மூன்று மாதத் தற்காலிக வேலையில் இன்று கடைசி நாள். நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் இந்த மனிதரின் கையில். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மாமியாரிடம் போன வாரமே பீற்றிக்கொண்டு வேறு தொலைத்திருந்தாள்.

"வழியறது தண்ணி இல்ல சார், எழுத்து. நம்ம கம்பெனிக்கு ஆள் எடுக்கிற புரோகிராம் 'சி'ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது. பேருக்கு முப்பத்திரண்டு கட்டம் ஒதுக்கியிருக்காங்க. அதை ஒட்டின அடுத்த கட்டத்துல பதவியோட நம்பர்."

"சரி."

"பேர் அதைவிட நீளமா இருந்தா 'போதும், நிறுத்து'ன்னு அந்த மொழி தானா சொல்லாது. எழுதினவர்தான் நீளத்தைப் பார்க்கணும். அந்தப் புண்ணியவான் பார்க்கல. மிச்ச எழுத்து பக்கத்துக் கட்டத்துல போய் உட்கார்ந்துக்கும்."

"உட்காரட்டுமே. பக்கத்துக் கட்டம்தானே? யார் வீட்டு சொத்து?"

"அங்கதான் சார் பதவி இருக்கு! கம்ப்யூட்டருக்கு எழுத்தும் ஒரு நம்பர்தான். கிளார்க்கோட நம்பர் அழிஞ்சு இன்ஜினியரோட நம்பரா மாறிடும். விஷயம் தெரிஞ்ச எவனாவது வேணும்னே நீளமா பேர் கொடுத்தான்னா, மேனேஜராவே உள்ள வந்துடுவான்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் சொன்னது சிரிக்கிற விஷயமே இல்லை. அந்தக் கம்பெனியில் யாரை எந்த வேலைக்கு எடுத்தோம் என்று ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. புரோகிராம் நியமன உத்தரவை அச்சடிக்கும். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போடுவார். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எல்லோருடைய சோம்பேறித்தனத்துக்கும் வசதியாக இருந்தது.

"பன்னிரண்டு வருஷமா ஓடுற வண்டிம்மா. அதைப் போய் ஓரங்கட்டச் சொல்றியே! சரி, ஒரே ஒரு ஆளைக் காட்டு. காட்டிட்டா இங்கேயே கையெழுத்துப் போடுறேன், வேலை நிரந்தரம். இல்லேன்னா சாயங்காலம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பு."

"பழைய விண்ணப்பங்களைப் பார்க்க அனுமதி கேட்டு மூணு தடவை எழுதினேன் சார். நீங்கதான் தரல."

"இப்பத் தந்தாச்சு. பார்த்துக்கோ."

அவள் அங்கிருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் விண்ணப்பித்த வேலையையும் சேர்ந்தபோது கிடைத்த வேலையையும் ஒப்பிடச் சொல்லி ஓடவிட்டாள். கடைநிலை ஊழியரில் தொடங்கி மேலே போகும் பட்டியல். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மேலாளர் பின்னால் நின்று, திரையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வரட்டும், வரட்டும்... இன்னும் வரட்டும்... நிறுத்து! அது யாரு?"

"ஸ்டோர் கீப்பர். இருபத்தொன்பது எழுத்து. தப்பிச்சுட்டார் சார்."

"அப்போ விடு, போகட்டும்."

முந்நூறு தாண்டியது. நானூறும் தாண்டியது. எல்லோரும் கேட்ட வேலையில்தான் இருந்தார்கள். மாமியார் முகம் அவள் கண்முன் வந்து நின்று, 'நிரந்தரம்னியே?' என்று கேட்டது.

கடைசி வரியில் திரை சிவந்தது.

அவள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"என்னம்மா, மாட்டினானா? எவன் அவன்? கூப்பிடு, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

"சார்... அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் சேர்த்து முப்பத்துமூணு எழுத்து. ஒரே ஒரு எழுத்துதான் வழிஞ்சிருக்கு." விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "அது உங்க பேர் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரையருகே குனிந்து அந்த வரியை நிதானமாகப் படித்தார். போச்சு, பையை எடுக்க வேண்டியதுதான் என்று அவள் எழுந்தே விட்டாள்.

அவர் மேஜைக்குப் போய், அவளுடைய நிரந்தர உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிறகு அந்தப் பெரிய சுழல் நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் போல மூச்சுவிட்டார்.

"நானும் பதினோரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிறேன்மா, வாசல்ல வண்டி நிறுத்திவிடுற வேலைக்கு மனு போட்டவனுக்கு இவங்க ஏன் இன்னும் ஒரு விசில்கூடத் தரலேன்னு!"