காபி வேலைநிறுத்தம்

அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் குரல் மட்டும் கேட்கும்படி எம்.எல்.ஏ.க்களின் காதில் கருவி பொருத்திவிட்டார்கள். எம்.எல்.ஏ. செங்கமலத்தின் கணவர் ஞானசிகாமணி வீட்டுக்குள் கத்திப் பார்த்தார். மனைவிக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் போய் 'எம்.எல்.ஏ. கணவர் சங்கம்' என்று பதிவு செய்து, அங்கீகாரமும் வாங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இரு, கமலம்."

"உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கு," என்றார் செங்கமலம், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அப்படின்னா இன்னியிலேர்ந்து காபி கிடையாது. வேலைநிறுத்தம்."

செங்கமலம் உடனே பேப்பரை மடித்தார். "உட்காருங்க, பேசலாம்."

அதற்குள் மகள் இலக்கியா ஆவி பறக்கும் டம்ளரோடு வந்தாள். "நான் போட்டிச் சங்கம்மா, நேத்தே பதிஞ்சு அங்கீகாரமும் வாங்கிட்டேன். ஒரு ஸ்கூட்டர் போதும்."

செங்கமலம் ஒரு வாய் குடித்தார். "இந்த வீட்டுல இனிமே உன் சங்கத்துக்கு மட்டும்தான் அங்கீகாரம்."

அதற்கு ஞானசிகாமணி என்ன சொன்னார் என்பது செங்கமலத்தின் காதில் விழவில்லை.