பதினோரு சிவப்பு உருண்டைகள்

ஜன்னல் வெயில் மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் முள்கரண்டியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றுகிறார், நடுவில் இறுக்கி முடிச்சுப் போடுகிறார், இரண்டு ஓரத்தையும் வெட்டுகிறார். புசுபுசுவென்று ஓர் உருண்டை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிறார்; இது பதினொன்றாவது. அடுத்ததற்கு நூலைச் சுற்றத் தொடங்குகிறார். அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கூடையில் இருந்த நூலுருண்டை எலுமிச்சை அளவுதான். அது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் கூடையிலிருந்து நூல் வந்துகொண்டே இருக்கிறது, அதுவும் நூடுல்ஸ் மாதிரி நெளிந்து நெளிந்து. நூலா, மாயமா? சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

"என்னங்க, மாப்பிள்ளைக்குப் பின்னின ஸ்வெட்டரை எடுத்து வைங்க. அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. அளவு பாக்க ஊசியை உருவினேன், ஒரு கையில கடைசி வரிதான் பாக்கி."

"எங்க வெச்ச?"

"நூல் கூடையிலதான். முன்னாடி இருக்கறது கண்ணுக்குத் தெரியாதே உங்களுக்கு."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்கிறது. அவர் கூடைக்குள் கைவிட்டு ஸ்வெட்டரைத் தூக்குகிறார். கழுத்து இருக்கிறது. இடது கை இருக்கிறது. வலது தோளில் வெறும் ஓட்டை. அங்கிருந்து ஒற்றை நூல் இறங்கி அவருடைய முள்கரண்டியில் முடிகிறது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். அவர் மரத்தைப் பார்க்கிறார், ஓட்டையைப் பார்க்கிறார், மறுபடியும் மரத்தைப் பார்க்கிறார்.

"ஏம்மா," என்கிறார் மெதுவாக, "மாப்பிள்ளைக்கு ரெண்டு கையிலயுமா குளிரும்?"