நீலமலைக் கோட்டையைக் காலி செய்த விதம்

குட்டி போட்ட பூனையாக ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தார் நரசிம்மன்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் டெக்னீஷியன். ஒழிந்த நேரத்தில் வாரப் பத்திரிகைக்கு மாயாஜாலத் தொடர்கதை. ஆறு வாரமாக அசுர மன்னன் நீலமலைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். "இந்த வாரமும் அவன் வெளியே வரலேன்னா கதையை நிறுத்திடுவேன்" என்று ஆசிரியர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"யானையை விட்டு முட்டிப் பார்த்தாச்சு. நெருப்பு அம்பும் விட்டாச்சு. வேற என்னதான் பண்றது?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கல்யாணி, "சண்டை எதுக்குங்க? அவனே போயிடுவான்" என்றாள்.

"யுத்தத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? காயை நறுக்கு."

இந்தப் பாட்டு அவளுக்குப் பழகிப் போனதுதான்.

"கோட்டையில வேலை செய்யறவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே? முதல்ல அவன்கிட்ட பேச்சைக் குறைக்கணும். ஏதாவது கேட்டா சுவரைப் பார்த்துப் பதில் சொல்லணும்."

நரசிம்மன் நின்றார்.

"அவன் முரசு அடிச்சா, 'காவல்காரங்க நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கறாங்க'ன்னு முரசைப் பிடுங்கிப் பரண்ல போடணும்."

பேனாவைத் திறந்தார். "அப்புறம்?"

"சாப்பாடு போடணும். ஆனா எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு. 'கோட்டையில இடமே பத்தல'ன்னு அவன் காதுல விழற மாதிரி வேற யார்கிட்டயாவது பேசணும்."

"பலே! அப்புறம்?"

"ஒரு வாசலை மட்டும் திறந்து வைக்கணும். குதிரை எத்தனை மணிக்குப் புறப்படும்னு அவன் கண்ணுல படற மாதிரி எழுதி வைக்கணும். 'போ'ன்னு மட்டும் வாயால சொல்லவே கூடாது. ஒருநாள் விடிகாலையில அவனே மூட்டையைக் கட்டிடுவான்."

நரசிம்மன் மளமளவென்று எழுதி முடித்தார். ஆறு வாரப் பாரம் இறங்கியது.

"அடேங்கப்பா! ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம கோட்டை காலி! இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

கல்யாணி எழுந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டரை எடுத்தாள். முந்தானையால் தூசி துடைத்து, அவர் எழுதிய தாள்களின் மேல் வைத்தாள்.

"உங்ககிட்டதாங்க. போன வருஷம் எங்கப்பா இந்த டிரான்சிஸ்டரோட இங்கே வந்து இருந்தப்போ, அவர் ஊருக்குப் போற வேடந்தாங்கல் பஸ் டயத்தைக் காலண்டர்ல பெரிசா எழுதி வெச்சது நீங்கதானே?"

நரசிம்மன் பேனாவை மூடினார்.

"அவர் என்னவோ இன்னிக்கும் ஊர்ல, 'மாப்பிள்ளை என்னை விடவே மாட்டேன்னார், நான்தான் பிடிவாதமா கிளம்பி வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டிருக்கார்."