தம்பியின் ஸ்லைடு

தம்பியின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்தது டாக்டரான அக்காதான். அவற்றைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஆல்கஹாலில் முக்கி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் அவள்தான். வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை.

தொண்டையில் அபூர்வமாக வரும் கட்டி அது. புத்தகப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும் என்று, வீட்டிலிருந்த தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"என்னக்கா, தலை தப்புமா?" என்று சிரித்தான் அவன்.

செல்கள் அசைந்தன. ஆல்கஹால் பட்டவுடனேயே செத்துப்போனவை அவை. கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"எங்கே, இன்னும் கொஞ்சம் பேசுடா."

"என்னத்தப் பேச? நீதான் என்ன கட்டின்னே சொல்ல மாட்டேங்கறியே. பயமா இருக்குக்கா."

ஒவ்வொரு சொல்லுக்கும் அவை நடுங்கின. அவன் பேச்சை நிறுத்தினான். அவை நிறுத்தவில்லை.

அறையில் அவளைத் தவிர ஆளில்லை. அவளும் உதட்டை இறுக மூடியிருந்தாள்.

"அக்கா," என்றான் தம்பி மெல்ல. "உன் பக்கத்துல யாரு பேசறது? என் குரல் மாதிரியே இருக்கே."