ஆழ்மனம் கழற்றிய நைட் கார்டு

“இன்னைக்கு அரிசி டப்பாக்குள்ள கெடந்துச்சுங்க டாக்டர்” என்று செங்கோடன் அதை என் மேசைமேல் வைத்தார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் பல்லின்மேல் உறைபோல் மாட்டிக்கொண்டு படுக்க நான் அளவெடுத்துச் செய்து தரும் நைட் கார்டு. போன வாரம் பீரோவுக்குள் இருந்ததாம். அதற்கு முன்னால் சாமி படத்துக்குப் பின்னால்.

“மாட்டிக்கிட்டுத்தானே படுக்கறீங்க?”

“சத்தியமா மாட்டிக்கிட்டுத்தானுங்க படுக்கறேன். காத்தால எந்திரிச்சா வாயில இருக்கறதில்லீங்க. தாடை மட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

கடைவாய்ப் பல் ஒன்றில் ஏற்கெனவே விரிசல். இப்படியே போனால் பக்கத்துப் பல்லும் போய்விடும்.

சாதாரணப் பல் டாக்டராக இருந்திருந்தால், ‘லூசாக இருக்கிறது’ என்று சரிசெய்து அனுப்பியிருப்பேன். நானோ, தாடை வலிக்கும் மன அதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி கொச்சியில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்தவன். சாப்பாட்டுக்குப் பிறகு பேசியதெல்லாம் தூக்கத்தில் போய்விட்டாலும், சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டேன். வாசல் போர்டிலும் ஒரு வரி கூடியிருக்கிறது.

“சமீபத்துல மனசு ஒடிஞ்சுபோற மாதிரி ஏதாச்சும் நடந்துச்சுங்களா?”

“கருமத்தம்பட்டியில தறி ஓட்டிட்டு இருந்தமுங்க. படுக்கற செவுத்துக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன், ராப்பகலா ஓடும். கட்டுபடியாகாம, பங்குனியில எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டனுங்க. லாரில ஏத்தறப்ப பாக்க முடியாம ஊட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டேன். அப்புறந்தானுங்க இந்தப் பல்லுக்கடி.”

இவருக்காகத்தானே அந்தப் போர்டு. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“உங்க ஆழ்மனசு அந்த வலியை விடமாட்டேங்குது. தூக்கத்துல அதுவே கார்டைக் கழட்டி ஒளிச்சு வெச்சிருது.”

“அரிசி டப்பாக்குள்ளயுங்களா?”

“ஆழ்மனசுக்குத் தெரியாத டப்பா எதுங்க?”

சொல்லிவிட்டு, நானே அந்த வாக்கியத்தை ரசித்தேன். பிறகு, கூட வந்திருந்த அவர் மனைவி பொன்னாத்தாளிடம் திரும்பினேன்.

“ஏனுங்கம்மா, இவரு நறநறன்னு கடிக்கற சத்தத்துல உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?”

“நல்லா வருதுங்க.”

புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எந்த அம்மணி குறை சொல்வார்? மரியாதைக்குச் சொல்கிறார் என்று எனக்கா தெரியாது? அந்த அம்மாவைப் பார்த்து, புரிந்தது என்பதுபோல் தலையாட்டினேன்.

“கிருபாசங்கர்னு ஒரு மனநல டாக்டர் இருக்காருங்க. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டா ஆழ்மனசு அடங்கிரும். இன்னைக்கே பாத்துருங்க” என்றேன் செங்கோடனிடம்.

அவர் முகம் செத்துப்போனது. “எனக்குப் பைத்தியமுங்களா டாக்டர்? பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறமுங்க. வெளிய தெரிஞ்சா யாருங்க கட்டுவாங்க?”

கருத்தரங்கில் கேட்ட ஆறுதல் மொழி ஒன்றை எடுத்துவிடத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பொன்னாத்தாள், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவரு அசந்ததும் நாந்தானுங்க கழட்டி ஒளிச்சு வெக்கறேன். தறிச் சத்தம் நின்னதுக்கப்புறம், அந்த நறநற கேட்டாத்தானுங்க எனக்குத் தூக்கமே வருது.”