ஈரம் காயாத படம்

விகாரைச் சுவரில் பிக்கு பிறவிச் சக்கரம் வரைந்துகொண்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டு படங்கள். ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கும்; கடைசிப் படம் மரணம். பதினொன்று காய்ந்துவிட்டன. கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த முதல் படத்தை இப்போதுதான் முடித்தார். சாயம் குழைக்கத் தினமும் அறுபது படியேறித் தண்ணீர் கொண்டுவரும் கன்னியம்மா குடத்தை இறக்கினாள்.

"எல்லாத்துக்கும் காரணம்னு முதல்ல என்ன சாமி போட்டீங்க?"

"அறியாமை. கோலூன்றிப் போற ஒரு குருடி" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கன்னியம்மாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "ஒரு நாளாச்சும் தண்ணி சிந்தியிருக்கேனா?" என்று கேட்டபடி சுவரைத் தடவிப் போய், ஈரம் பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"அழிச்சிட்டியேம்மா! அதுதானே எல்லாத்துக்கும் மூலம்!"

"அப்ப மத்த பதினொண்ணும் ஏன் இன்னும் நிக்குது? உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே, பாத்துச் சொல்லுங்க."