கரையோரக் கைதட்டல்

“வந்துட்டான் பாருங்க, அடுத்த கோமாளி!” என்று தாக்கிஸ் மதுக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலிகளைப் படகுத்துறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

கிரேக்க நாட்டின் மெகனீசித் தீவில் சாயங்காலமானால் இதுதான் வேடிக்கை. வாடகைப் பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து, நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகக் கரையில் கட்டத் திணறும். புருஷன் கத்துவான், பெண்டாட்டி முறைப்பாள், எங்காவது முட்டினால் சாப்பாட்டுக் கடை மொத்தமும் கைதட்டும்.

தாக்கிஸும் ஒரு வார விடுமுறைக்குப் படகை வாடகைக்கு எடுத்து வந்தவன்தான். ஆனால் அதைப் பக்கத்துக் குடாவில் நங்கூரமிட்டுவிட்டு, மேட்டைத் தாண்டி நடந்து வந்திருந்தான். துறையில் ஒரே சத்தம் என்று மனைவி வாசோவிடம் காரணம் சொன்னான். இந்தக் கைதட்டலுக்குப் பயந்துதான் என்று அவளுக்குத் தெரியாதா?

“கேப்டன் ஒருத்தரையும் சேத்துக் கூப்பிட்டுக்கலாமே” என்று கூட வந்த மாமியார் கலியோப்பி முதல் நாளே சொன்னதிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். ஒரு கீறல் இல்லாமல் படகைத் திருப்பி ஒப்படைத்துவிட்டால் கிழவியின் வாயை ஆயுசுக்கும் அடைத்துவிடலாம். இந்தப் பயணத்தில் அவனுக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

“காத்து ஏறுதே. அம்மா சொன்ன மாதிரி இன்னும் கொஞ்சம் நங்கூரச் சங்கிலி விட்டிருக்கலாம்ல?” என்றாள் வாசோ.

“உங்கம்மாவுக்கு மத்தியானம் சாப்பிட்டாத் தூங்கத் தெரியும். இப்பவும் படகுல அதத்தான் பண்ணிட்டிருப்பாங்க. உங்கப்பாவோட மீன்பிடிப் படகுன்னு நெனச்சாங்களா இத?”

வாசோ ஆலிவ் கொட்டையைத் துப்பினாள்.

அப்போது துறைமுனையைச் சுற்றி இன்னொரு வெள்ளைப் படகு வந்தது. வாடகைப் படகுகள் எல்லாமே ஒரே அச்சு. போதாததற்கு வெயில் வேறு நேர் எதிரே கண்ணைக் கூச வைத்தது. சுக்கானுக்குப் பின்னால் தலையில் துணி கட்டிய ஓர் உருவம் மட்டும் தெரிந்தது.

“பொம்பளை ஓட்டுது பாருங்க!” தாக்கிஸ் தொடையில் தட்டினான். “முன்னாடி பாசியும் சேறுமா நங்கூரம் தொங்குது, பாத்தீங்களா? எவனோ கஞ்சத்தனமா சங்கிலி விட்டிருக்கான். நங்கூரம் பிடிக்காம, காத்து படகையே இழுத்துட்டுப் போயிருக்கு.”

“புருஷன் எங்கே போனான்?” என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

“எங்கயாவது உக்காந்து குடிச்சிட்டிருப்பான்! இந்த மாதிரி முட்டாளுக்கெல்லாம் எவன் படகு குடுக்கறான்?”

கடையே குலுங்கிச் சிரித்தது. தாக்கிஸ் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான்.

படகு நிதானமாகத் திரும்பி, நங்கூரத்தை இறக்கி, நேராகப் பின்னால் வந்து இரண்டு படகுகளுக்கு நடுவே புகுந்தது. ஓர் உரசல் இல்லை. கேலி செய்ய வந்த கூட்டம் எழுந்து நின்று நிஜமாகவே கைதட்டியது. தாக்கிஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

வாசோ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீயும் தட்டு. அது எங்கம்மா.”